ஃபீனிக்ஸ் கோடையில் குடும்பத்தோடு: வார நாளைக் கடத்துவதும் சனிக்கிழமை மலை ஏறுவதும்

அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் புதிதாகக் குடிவரும் நம் ஆட்கள் முதல் மே மாதத்தில் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "நாங்க மதுரை, எங்களுக்கு வெயிலா புதுசு?" நானும் வந்த புதிதில் இப்படித்தான் சொன்னேன். ஆனால் இந்த வெயில் வேறு. நம்மூரில் வெயில் சதம் அடித்தால் பேப்பரில் தலைப்புச் செய்தி வரும், அக்னி நட்சத்திரம் இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும். ஃபீனிக்ஸில் 2024-இல் தொடர்ந்து 113 நாள் வெயில் சதம் அடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூன் 30-இலிருந்து ஜூலை 30 வரை, 31 நாள் விடாமல் பகல் உச்சம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. அந்த ஜூலையில் ஒரு நாள் விடியற்காலையின் குறைந்த அளவே 97. மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்கலாம் என்ற நம்மூர் வழி இங்கே செல்லாது.

இன்னொன்று வேர்வை. மதுரையில் சட்டை நனைந்தால் உடம்பு சூடாகிறது என்று நமக்கே தெரிந்துவிடும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி, வேர்வை தோலுக்கு வந்ததும் ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தபடியே இருக்கும், நாம் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டே உடம்பில் உள்ள தண்ணீரை இழந்துகொண்டிருப்போம். ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா கவுன்ட்டியில் 2023-இல் மட்டும் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பன்னிரண்டு கோடைகளை இரண்டு பிள்ளைகளோடும், ஆறாறு மாதம் வந்து தங்கும் மாமியாரோடும் இங்கே கழித்திருக்கிறேன், எங்கள் குடும்பத்துக்கு வருடத்தின் நல்ல நினைவுகளில் பாதி கோடையில்தான். அதற்கு இரண்டு விஷயம் பழக வேண்டும். வார நாளில் கடிகாரத்தைப் பார்த்து வாழ வேண்டும். சனிக்கிழமை வந்தால் எத்தனை மைல் என்று கேட்காமல் எத்தனை அடி உயரம் என்று கேட்க வேண்டும்.

வார நாள்: விடிவதற்கு முன்னால் பாதி நாள்

அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. அதனால் ஜூனில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். இதைக் குறையாக நினைக்காதீர்கள், இதுதான் நமக்குக் கிடைத்த வரம். நாலரைக்கு எழுந்து ஐந்து மணிக்கு நடை, பிள்ளைகளுக்கு சைக்கிள், நாய் இருந்தால் நாய்க்கும் அப்போதே. ஆறரைக்கு வீட்டுக்குள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் காபி குடித்து, சாமி கும்பிட்டு, எட்டு மணிக்கு மெதுவாக நடக்கக் கிளம்புவார்கள், அதை முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். என் மாமியார் மூன்று நாள் முறைத்துக்கொண்டார், நாலாவது நாள் ஐந்து மணிக்குத் தெருமுனையில் காடைக் குடும்பம் ஒன்று குஞ்சுகளோடு வரிசையாகச் சாலையைக் கடப்பதைப் பார்த்தார், அதற்கப்புறம் அவரே எங்களை எழுப்ப ஆரம்பித்தார்.

கடிகாரம் மாறாததில் இன்னொரு வசதி, ஊருக்குப் போன் பேசும்போது வருடம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்தான். இங்கே காலை ஐந்தரை என்றால் அங்கே மாலை ஆறு. நடையோடு நடையாக அம்மாவிடம் பேசிவிடலாம்.

சிமென்ட் நடைபாதை, தார்ச்சாலை, பூங்காவின் சறுக்கு மரம் மூன்றும் பகலில் தோலைச் சுட்டுவிடும், வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, கோடைதோறும் தரையில் விழுந்து தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். புறங்கையை ஏழு எண்ணும் வரை தரையில் வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் பிள்ளையும் நாயும் அங்கே கால் வைக்கக் கூடாது. தோட்டக் குழாயைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் கொதிநீர். குழாய்க்குள் வெயிலில் கிடந்த தண்ணீர் அது, பிள்ளைகள் விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவதற்கு முன் ஒரு நிமிடம் செடிப் பக்கம் ஓடவிட்டு, நீங்கள் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் காரில் எல்லாருக்கும் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போகும் அந்தப் பத்தடிதான் குழந்தையை அழ வைக்கும்.

மின் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பல வீடுகளில் நேரத்துக்கு ஒரு விலை. நீங்கள் எடுத்திருக்கும் திட்டத்தைப் பொறுத்து மாலையில் சில மணி நேரம் மின்சாரத்துக்கு விலை மிக அதிகம். அந்த நேரத்தை பில்லில் பார்த்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். மதியம் வரை ஏசியை 75-இல் ஓடவிட்டுச் சுவரும் தரையும் குளிர்ந்த பிறகு, விலை ஏறும் நேரத்தில் 80-க்கு ஏற்றிவிட்டு ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டர், வாஷிங் மெஷின், ஓவன் எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். ஏசி சர்வீஸை மார்ச்சிலேயே முடித்துவிட வேண்டும். ஒரு ஜூலையில் எங்கள் ஏசி நின்று, அழைத்த ஆள் மூன்றாம் நாள்தான் வந்தார், அந்த இரண்டு ராத்திரியும் நண்பர் வீட்டு ஹாலில் படுத்தோம். மாதம் ஒருமுறை ஃபில்டர் மாற்றுவதை மறந்தாலே பாதிப் பிரச்சினை வந்துவிடும்.

அடுப்படியும் கொல்லையும்

கோடை வெயிலை வெறுமனே சபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அது வேலையும் செய்யும். ஜூன் மாதம் இந்தப் பாலைவனத்தின் மிக வறண்ட மாதம், மழைக்காற்று ஜூலையில்தான் வரும். அதனால் வடாம், வத்தல், மோர்மிளகாய் எல்லாம் ஜூன் முதல் மூன்று வாரத்துக்குள். என் மாமியார் காலை ஆறரைக்குக் கூழ் கிளறி இறக்கி, பழைய எட்டு முழ வேட்டியை நனைத்துப் பிழிந்து கொல்லையில் கட்டில் மேல் விரித்து, கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றுவார். பதினோரு மணிக்கு ஓரம் எல்லாம் சுருண்டு தூக்கிக்கொள்ளும். ஒரு மணிக்குத் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளிக்கக்கூட வேண்டாம், விரலால் தட்டினால் தானே கழன்று வரும். நாலு மணிக்குக் கையில் அள்ளிப் போட்டால் சலசல என்று ஓடு மாதிரிச் சத்தம் கேட்கும். ஊரில் மூன்று நாள் காய வேண்டியது இங்கே ஒரே பகல். காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்து வைக்கும் வேலையும் இல்லை, ஆனால் மெல்லிய வலைத்துணி ஒன்று போட்டு நாலு பக்கமும் கல் வைத்துவிடுங்கள், புழுதி விழாமல் இருக்கும்.

தயிருக்கு இந்த வெயில் ஒரு வசதி. கோடைப் பகலில் எங்கள் கராஜ் ஏறக்குறைய 110 டிகிரியில் நிற்கும், தயிர் உறைவதற்குச் சரியான சூடும் அதுதான். காலை பத்து மணிக்கு உறை ஊற்றி கராஜ் அலமாரியில் வைத்தால் இரண்டு மணிக்குக் கத்தி போட்டு வெட்டலாம், உடனே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், அரை மணி தாமதித்தாலும் புளிக்கும். இட்லி மாவுக்கு இதைச் செய்யாதீர்கள், கராஜில் வைத்தால் பொங்குவதற்குள் புளித்துவிடும். மாவு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், ராத்திரி பத்துக்கு அரைத்து வைத்து நடைக்குக் கிளம்பும்போது பாருங்கள்.

மண்பானை கிடைத்தால் வாங்குங்கள். கோடையில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் வருவதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஜூன் வறட்சியில் பானையின் மேல் கசியும் ஈரம் வேகமாக ஆவியாகி உள்ளே தண்ணீர் சில்லென்று ஆகும், ஜூலையில் காற்றில் ஈரம் ஏறியதும் அந்தக் குளிர்ச்சி குறைந்துவிடும். இங்கே பழைய வீடுகளில் கூரை மேல் பார்க்கும் ஸ்வாம்ப் கூலரும் இதே கணக்குத்தான், ஜூனில் அருமையாக ஓடும், மழைக்காலத்தில் வீட்டைப் புழுக்கமாக்கும்.

முருங்கைக்கு இந்த ஊர் சொந்த ஊர் மாதிரி, வேலி ஓரத்தில் ஒரு குச்சி நட்டால் இரண்டாம் கோடையில் வீட்டுக்கு மேல் நிற்கும். வெண்டைக்காயும் அப்படியே. கறிவேப்பிலையும் துளசியும் மேற்கு வெயிலில் கருகிவிடும், பாதி நிழல் தரும் வலைக்குக் கீழே கிழக்குப் பக்கமாக வையுங்கள், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், வேர் வெந்துபோகும்.

தேள். இதைச் சொல்லாமல் போக முடியாது. இங்கே மரப்பட்டைத் தேள் என்று ஒன்று, வைக்கோல் நிறத்தில் விரல் நீளம்தான் இருக்கும், சுவரேறும், உள்ளே வரும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலியோடும் மரமரப்போடும் போய்விடும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து. யூவி டார்ச் ஒன்று பத்துப் பதினைந்து டாலருக்கு வாங்கி, ராத்திரி ஒன்பது மணிக்கு மதில் ஓரமாக அடித்துப் பாருங்கள், தேள் பச்சையாக ஒளிரும். எங்கள் பிள்ளைகளுக்கு இது வாராந்தர விளையாட்டு, பெரியவள் கணக்கு எழுதிவைப்பாள். ஷூவைத் தட்டிவிட்டுப் போடும் பழக்கத்தை வந்த நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். கொட்டிவிட்டால் 1-800-222-1222 என்ற விஷமுறிவு மைய எண்ணைக் கூப்பிடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளைக்குக் கண் தாறுமாறாக உருண்டாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, கை கால் உதறினாலோ அந்த எண் வேண்டாம், நேரே 911.

வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் வேலி, தானாக மூடும் கதவு, அதோடு ஒரு பெரியவர். விருந்து நாளில்தான் பத்துப் பேர் இருந்தும் ஒருவரும் பார்க்காமல் போவார்கள், அதனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, முறைக்காரர் கையில் போன் இல்லாமல் உட்கார வேண்டும்.

சனிக்கிழமை: ஆயிரம் அடிக்கு நாலு டிகிரி

இனி வெளியே போவது. ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 அடி. மேலே போகப் போக ஆயிரம் அடிக்குத் தோராயமாக நாலு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசன் 5,000 அடி, பிரெஸ்காட் 5,400, ஃபிளாக்ஸ்டாஃப் 7,000, டூசான் பக்கத்து மவுன்ட் லெமன் உச்சி 9,000-க்கு மேல். வீட்டில் 112 என்றால் ஃபிளாக்ஸ்டாஃபில் 88, பைன் மர நிழலில் அதைவிடக் குறைவு. இரண்டரை மணி நேரக் காரில் ஊட்டிக்குப் போய்வந்த மாதிரி. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு செடோனாவைத் தேர்ந்தெடுப்பது. படத்தில் அழகாக இருக்கும், ஆனால் 4,300 அடிதான், ஜூலை மதியம் செம்பாறை அனல் அடிக்கும். செடோனாவை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் போய்வர வேண்டுமென்றால் பேசன் பக்கம் போங்கள். 87-ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம், சகுவாரோ கள்ளிகள் கை தூக்கி நிற்கும் மலைச்சரிவில் ஏற ஆரம்பித்து, திடீரென்று ஒரு வளைவுக்கப்புறம் கள்ளியே இருக்காது, பைன் வந்துவிடும். கடைசிக் கள்ளியை யார் முதலில் பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்கள், போனைக் கேட்க மாட்டார்கள். பேசனிலிருந்து சிறிது தூரத்தில் டோன்டோ இயற்கைப் பாலம். ஓடை நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு படிந்து படிந்து உண்டான 183 அடி உயரப் பாலம், அதற்குக் கீழே 400 அடி நீளச் சுரங்கம் போல ஒரு வழி. இறங்கும் பாதை அரை மைல்தான், செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் மேலே இருக்கும் பார்வை மேடையிலேயே நன்றாகப் பார்க்கலாம். இன்னும் குளிர்ச்சி வேண்டுமென்றால் பேசனிலிருந்து கிழக்கே 260-ஆம் சாலையில் மோகயான் ரிம் என்ற மலைவிளிம்பின் மேல் ஏறி வுட்ஸ் கேன்யன் ஏரிக்குப் போங்கள், 7,500 அடி, வாடகைப் படகு கிடைக்கும். காலை ஒன்பதுக்குள் போகாவிட்டால் கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் சரி.

எங்கள் வீட்டில் ஓட்டுப் போட்டால் ஜெயிப்பது ஃபிளாக்ஸ்டாஃப் வடக்கே உள்ள லாவா ரிவர் குகைதான். சுமார் ஏழு லட்சம் ஆண்டுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடி, வெளிப்புறம் ஆறி இறுகி, உள்ளிருந்தது வழிந்தோடிப் போனதால் உண்டான குழாய் அது, முக்கால் மைல் நீளம். போய்விட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். வெளியே 85 இருக்கும்போது உள்ளே 40 சொச்சம். முதல் தடவை நாங்கள் அரைக்கை சட்டையோடு போய், வாசலில் வீசிய காற்றிலேயே சின்னவனுக்குப் பல் கிட்டியது, காருக்குத் திரும்பிப் போய் ஸ்வெட்டர் எடுத்துவந்தோம். நுழையும் இடத்தில் பெரிய பாறைகள் சரிந்து கிடக்கும், கையை ஊன்றி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க வேண்டும். அதற்கப்புறம் ஓரிடத்தில் கூரை நெருங்கிவந்து குனிந்து போக வேண்டும், பிறகு ரயில் சுரங்கம் போல உயர்ந்துவிடும். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று, அது போக ஆளுக்கு இன்னொரு டார்ச், மூடிய ஷூ. போன் வெளிச்சத்தை நம்பிப் போகாதீர்கள். நடுவழியில் எல்லா விளக்கையும் ஒரு நிமிடம் அணையுங்கள். அந்த இருட்டில் கையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாலும் தெரியாது, கூரையிலிருந்து எங்கோ ஒரு சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்கும். என் பெண் இப்போதும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்லிச் சொல்லிக் கேட்பாள்.

ஃபிளாக்ஸ்டாஃபில் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் தங்குங்கள். 2001-இல் உலகிலேயே முதல் இருண்ட வான நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் அது, தெருவிளக்கையெல்லாம் அடக்கி வைத்திருப்பார்கள். 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவல் வான்நோக்குக் கூடம் ஊருக்குள்ளேயே குன்றின் மேல் இருக்கிறது, மாலையில் தொலைநோக்கி வழியாகப் பார்க்க விடுவார்கள். வெறும் கண்ணாலேயே பால்வீதி தெரியும். காட்டில் பாண்டரோசா பைன் மரத்தின் பட்டை இடுக்கில் மூக்கை வைத்து முகரச் சொல்லுங்கள், வெயில் பட்ட பட்டையில் வெனிலா வாசம் வரும், பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அப்புறம் ஒவ்வொரு மரமாகப் போய் முகர்வார்கள்.

ஏழாயிரம் அடியில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முதல் நாள் சிலருக்குத் தலைவலியும் லேசான குமட்டலும் வரும், பெரியவர்களை அன்று அதிகம் நடக்க விடாதீர்கள். சமையல் வசதியுள்ள அறை எடுத்தால் சின்னக் குக்கரைக் கொண்டுபோங்கள். அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் நிற்கும்.

கிராண்ட் கேன்யனுக்குக் கோடையில் போவது நல்லதுதான், தெற்கு விளிம்பும் 7,000 அடி. ஆனால் கீழே இறங்குவதில் ஏமாறாதீர்கள். மலையேற்றத்தில் களைத்தால் இறங்கிவிடலாம், இங்கே சுலபமான பகுதி முதலில் வரும், களைத்த பிறகுதான் ஏற வேண்டும், இறங்க இறங்கச் சூடு கூடும். பிள்ளைகளோடு என்றால் விளிம்புப் பாதையிலேயே நடங்கள். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை உள்ளே நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது.

வடகிழக்கே மானுமென்ட் வேலி வரை போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நாவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் மட்டும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பார்கள், போன் டவருக்கு டவர் நேரம் மாற்றிக் காட்டும். முன்பதிவு செய்த சுற்றுலா எந்த நேரப்படி என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

கட்டுச்சோறும் கார் டிக்கியும்

மே, ஜூனில் காடு காய்ந்து கிடக்கும், மழை வரும் வரை பல காடுகளில் விறகு நெருப்புக்கும் கரி அடுப்புக்கும் தடை இருக்கும். கிளம்பும் முன் அந்தந்த வனத்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சமைக்கும் திட்டமே வேண்டாம், புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும். தயிர் சாதத்தைப் பால் அதிகம் விட்டு, ஆறவைத்து, ஐஸ் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு ஒரு கேலன், அது போக காரிலேயே நிரந்தரமாக ஒரு கேன். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும், உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் ஒரு ஃபிளாஸ்க், பானகம் ஒரு ஃபிளாஸ்க். எங்கள் பிள்ளைகள் கடையில் வாங்கும் கலர் பானத்தை இப்போது கேட்பதே இல்லை.

கார் பேட்டரி இந்த வெயிலில் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது. மே மாதம் இலவசமாகவே சோதித்துச் சொல்லும் கடைகள் இருக்கின்றன, டயரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சீட் பெல்ட்டின் உலோக நாக்கு குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும், சின்ன டவலைப் போட்டு மூடிவையுங்கள். பிள்ளையைக் காரில் விட்டு ஒரு நிமிடம்கூட இறங்கக் கூடாது, பால் வாங்கக்கூட. பின் சீட்டில் குழந்தையோடு ஒரு கைப்பையையோ செருப்பையோ வைத்துவிட்டால் எந்த அவசரத்திலும் பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும்.

மழை வந்தால்

கணக்குப்படி ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மான்சூன் காலம், மழை பெரும்பாலும் ஜூலையில்தான் எட்டிப் பார்க்கும். மழைக்கு முன் க்ரியோசோட் புதரிலிருந்து ஒரு வாசம் வரும், நம்மூர் மண்வாசனைக்கு இந்த ஊரின் பதில் அது. ஆனால் மழைக்கும் முன்னால் வருவது புழுதி. ஹபூப் என்பார்கள், மைல் உயரச் செம்மண் சுவர் ஒன்று அடிவானத்திலிருந்து எழுந்து வரும். டூசானிலிருந்து திரும்பும்போது ஒருமுறை நாங்கள் அதில் மாட்டினோம், ஐந்து நிமிடத்தில் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மறைந்துபோனது. அப்போது செய்ய வேண்டியது: சாலையை விட்டு முடிந்த அளவு ஓரம் இறங்கி நிறுத்துங்கள், முகப்பு விளக்கு, எச்சரிக்கை விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள், கைப்பிரேக் போட்டுக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதைச் சாலை என்று நினைத்து உங்கள் மேலேயே வந்து மோதுவார். சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், காற்று உள்ளே சுற்றும்படி ஏசியை மாற்றுங்கள். இந்த மண்ணில் வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோய் தரும் பூஞ்சை இருக்கிறது, புழுதிக் காற்றுக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் விடாத இருமலும் காய்ச்சலும் அசதியும் வந்தால் டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

ஓடையில் குளிக்கப் போகிறவர்களுக்கு இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. 2017 ஜூலை 15 அன்று பேசன் அருகே எலிசன் ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தில் பத்துப் பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். பெரிய மழை பெய்தது அவர்கள் இருந்த இடத்தில் இல்லை, சில மைல் மேலே, காட்டுத்தீயில் எரிந்து தண்ணீரை உறிஞ்சும் சக்தி போன சரிவில். ஆகவே உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். காலை எட்டுக்கு ஓடையில் இறங்கி, பன்னிரண்டுக்குள் கரையேறிச் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ இரைச்சல் கேட்டாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். நகரத்துக்குள் சாலையில் தண்ணீர் ஓடித் தடுப்பு வைத்திருந்தால் சுற்றிப் போங்கள். தடுப்பைத் தாண்டி ஓட்டி மாட்டிக்கொண்டால் காப்பாற்றும் செலவை உங்களிடமே வசூலிக்க இங்கே சட்டம் இருக்கிறது.

ஞாயிறு திரும்புவது

மலையிலிருந்து இறங்கும் ஐ-17 ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ராத்திரி ஏழு வரை நெரிசல். கோடை வெயிலில், பிள்ளைகள் களைத்திருக்கும்போது, நகராத வரிசையில் நிற்பதுதான் முழுப் பயணத்திலும் கடினமான பகுதி. நாங்கள் இரண்டில் ஒன்று செய்கிறோம். காலை பத்துக்கே கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு, இல்லையென்றால் அங்கேயே பைன் நிழலில் சாயந்தரம் வரை இருந்து, மிச்சமிருக்கும் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குக் கிளம்புவது. இரண்டாவது வழியில் கார் சூடாகாது, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்து ஓட்டினால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் காற்று சூடாவது முகத்தில் தெரியும். கேம்ப் வெர்டியில் ஜன்னலை ஏற்ற வேண்டியிருக்கும். கிளம்பும்போதே போனிலிருந்து வீட்டு ஏசியை இறக்கிவிட்டால் பத்து மணிக்குக் கதவைத் திறக்கும்போது வீடு தயாராக இருக்கும். டிக்கியில் விட்ட எலுமிச்சை சாதத்தை அன்றே எடுத்துவிடுங்கள், காலையில் ஐந்து மணி நடைக்கு ஷூவை வாசலில் வைத்துவிட்டு, அதைத் தட்டிப் போடச் சொல்லிவிட்டுப் படுங்கள்.